நாற்பது மில்லி தண்ணீரும் நாலு லிட்டர் பெட்ரோலும்

தோணிரேவிலும் பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள மற்ற மீனவ ஊர்களிலும் ராக்கெட் என்பது செய்தித்தாளில் மட்டும் பார்க்கிற பொருள் கிடையாது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஏவுதல் நாள் குறித்துவிட்டால், கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பு முன்கூட்டியே வந்துவிடும். அன்று தொழில் இல்லை. கரையில் நின்றால் வடக்கு வானில் புகைக்கோடு எழும்புவது தெரியும், சத்தம் கொஞ்சம் தாமதித்து வந்து சேரும்.

2023 ஜூலை 14 பிற்பகல் சந்திரயான்-3 கிளம்பியதும் அந்தத் தீவிலிருந்துதான். அதைத் தூக்கிச் சென்ற எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் உச்சியில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் திரவமாக நிரப்பிய ஒரு கட்டம் உண்டு. அந்தத் திரவங்களின் எடை சுமார் 28 டன். கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் நெருப்பு திட எரிபொருளுடையது. ஹைட்ரஜன் எஞ்சின் பற்றிக்கொள்வது கண்ணுக்கு எட்டாத உயரத்தில். எரிந்து முடிந்தபின் அந்த எஞ்சினிலிருந்து வெளியேறுவதில் பெரும்பகுதி நீராவி.

அதே ஹைட்ரஜன், அதே ஆக்சிஜன். இந்த இரண்டையும் வண்டிக்குள்ளேயே தண்ணீரிலிருந்து பிரித்து எடுக்கலாம், பெட்ரோல் செலவைப் பாதியாகக் குறைக்கலாம் என்று சொல்லும் வீடியோக்கள் யூடியூபில் தமிழிலேயே கொட்டிக் கிடக்கின்றன. கார், பைக், ஆட்டோ, டிராக்டர், படகு என எதற்கும் பொருத்தலாம் என்கிறார்கள். எச்.எச்.ஓ. கிட், ஹைட்ரஜன் கிட், பிரவுன் வாயு என்று பெயர்கள் பல. ஏரிக்கரையில் பைபர் படகு வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்தப் பேச்சு எவ்வளவு இனிப்பாகக் கேட்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தொட்டது 2021 ஜூலையில். அடுத்த மாதமே தமிழக அரசு வரியில் மூன்று ரூபாய் குறைத்தது, ஆனாலும் விலை மறுபடி நூறைத் தாண்டிவிட்டது. டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மானியம் உண்டு என்றாலும், வலை வெறுமையாகத் திரும்பும் நாளில் கேனில் ஊற்றிய எண்ணெய் கடனாக நிற்கும்.

அதனால்தான் இந்தக் கிட்டைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏமாந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க இதில் எதுவும் இல்லை. இந்தப் பேச்சில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் பணம் போகிறது.

உண்மையான பாதியை முதலில் பார்ப்போம். கிட் என்பது பெரும்பாலும் கண்ணாடி போலத் தெரியும் ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே எவர்சில்வர் தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கடுக்காக நிற்கும். நடுவில் ரப்பர் வளையம், இரு பக்கமும் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். டப்பாவில் வடித்தெடுத்த தண்ணீர். மின்சாரம் பாய்வதற்காக அதில் கொஞ்சம் காஸ்டிக் பொட்டாஷ் கரைத்திருக்கும். பேட்டரியிலிருந்து இரண்டு வயர். ஸ்விட்சைப் போட்டதும் தகடுகளின் முகத்தில் வெள்ளையாக நுரை படியும், அது குமிழ் குமிழாகக் கிளம்பி மேலே ஏறும். டப்பாவின் தலையிலிருந்து ஒரு சின்னக் குழாய் இன்னொரு தண்ணீர்ப் பாட்டிலுக்குள் போய், அங்கிருந்து எஞ்சினின் காற்று உறிஞ்சும் வாயில் சேரும். அந்த வாயுவைச் சோப்பு நுரையில் பிடித்துத் தீக்குச்சி காட்டினால் பட்டாசு போல வெடிக்கும். வீடியோக்களில் இந்த இடம் தவறாமல் வரும்.

இதில் பொய் ஏதும் இல்லை. வந்தது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தான். இங்கிலாந்தில் நிக்கல்சனும் கார்லைலும் 1800-லேயே மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்துக் காட்டிவிட்டார்கள். எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு வாயு என்ற கணக்கை 1830-களில் ஃபாரடே எழுதிவைத்தார். இன்றும் நகைப் பட்டறைகளில் இதே வாயுவை அந்தந்த நொடியில் உண்டாக்கி, ஊசி முனை போன்ற சுடரில் பற்றவைக்கும் மெஷின்கள் இருக்கின்றன. பொற்கொல்லருக்கு வேண்டியது சிறிய இடத்தில் கடும் சூடு. கரண்ட் பில்லைக் கட்டி அதை வாங்கிக்கொள்கிறார், கணக்கு நேராக முடிகிறது.

வண்டியில் கணக்கு நேராக முடியவில்லை. காரணம் தண்ணீரின் பிறப்பிலேயே இருக்கிறது. விறகு எரிந்தால் சாம்பல், ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீர். தரவேண்டிய சூட்டையெல்லாம் தந்து முடித்துவிட்டுத்தான் அது தண்ணீராகியிருக்கிறது. அதை மறுபடி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க வேண்டுமென்றால், எரிந்தபோது வெளியே போன ஆற்றல் முழுவதையும் வெளியிலிருந்து திருப்பிக் கொடுத்தாக வேண்டும். நடைமுறையில் அதைவிட அதிகமாகவே கொடுக்க நேரிடும், ஏனென்றால் தகடும் வயரும் தண்ணீரும் சூடேறி ஒரு பங்கைத் தின்றுவிடும். எந்த டப்பாவும், எந்தத் தகட்டு அடுக்கும், எந்த அலைவரிசை மின்சாரமும் இந்தக் கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது.

இதை ரூபாயில் போட்டுப் பார்க்கலாம். ஆறு அறைகள் கொண்ட ஒரு நல்ல கிட் என்று வைத்துக்கொள்வோம். ஓடும் காரின் 13.8 வோல்ட்டிலிருந்து 20 ஆம்பியர் இழுக்கிறது, அதாவது 276 வாட். ஃபாரடேயின் கணக்குப்படி, ஒரு துளி மின்சாரம்கூட வீணாகாமல் வாயுவாக மாறினால், நிமிடத்துக்கு சுமார் 1.3 லிட்டர் எச்.எச்.ஓ., அதாவது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த வாயு, வரும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் வாயு எடையில்லாத சரக்கு. ஒரு மணி நேரம் முழுக்க ஓடினாலும் டப்பாவில் குறையும் தண்ணீர் 40 மில்லிதான்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கவலையில்லை என்று விற்பவர்கள் சொல்வது இதனால்தான் பொருந்திப்போகிறது. தண்ணீர் தீரவில்லை, உண்மை. தீரவில்லை என்றால் அதிலிருந்து பெரிதாக எதுவும் கிடைக்கவும் இல்லை. 40 மில்லி தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் நாலரை கிராம். அதன் எரிசக்தி 16 மில்லி பெட்ரோலுக்குச் சமம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் மணிக்கு 60-ல் போனால் அதே ஒரு மணி நேரத்தில் குடிப்பது நாலு லிட்டர். நாலாயிரம் மில்லிக்குப் பக்கத்தில் பதினாறு மில்லி.

செலவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த 276 வாட் பேட்டரியிலிருந்து வருவதாகத் தெரிந்தாலும் பேட்டரியை நிரப்புவது ஆல்டர்னேட்டர், அதைச் சுற்றுவது எஞ்சின், எஞ்சினுக்குப் பெட்ரோல். ஆல்டர்னேட்டர் நூற்றுக்கு அறுபது பங்கு திறனில் வேலை செய்தால், எஞ்சின் தன் தண்டிலிருந்து 460 வாட் கொடுக்க வேண்டும். வந்த ஹைட்ரஜனில் இருப்பது 150 வாட் சூடு. எஞ்சின் அதில் கால் பங்கைத்தான் சுழற்சியாக மாற்றும், அதாவது 38 வாட். 460 கொடுத்து 38 வாங்குகிற வியாபாரம் இது. பெட்ரோல் கணக்கில் சொன்னால், மணிக்கு சுமார் 20 ரூபாய்ப் பெட்ரோலை எரித்து ஒன்றரை ரூபாய்ப் பெட்ரோலுக்கு ஈடான ஹைட்ரஜனை எடுக்கிறோம்.

ஆல்டர்னேட்டர் எப்படியும் சும்மாதானே சுற்றுகிறது, அந்த மின்சாரம் வீணாகத்தானே போகிறது என்று ஒரு பதில் உண்டு. ஆல்டர்னேட்டர் அப்படிச் சுற்றுவதில்லை. சுமை கேட்கக் கேட்க அது இறுகும். வண்டி நின்றபடி ஓடிக்கொண்டிருக்கும்போது ஹெட்லைட்டையும் ஏ.சி. ஃபேனையும் போட்டுப் பாருங்கள், எஞ்சினின் குரல் தாழ்வது காதுக்கே தெரியும்.

அப்படியானால் கிட் பொருத்தியபின் மைலேஜ் கூடியது என்று சொல்பவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்களா? பெரும்பாலோர் பொய் சொல்லவில்லை என்றே கொள்ளலாம். கிட் மாட்டும் மெக்கானிக் அதே நாளில் ஏர் பில்டரைச் சுத்தம் செய்கிறார், ஸ்பார்க் பிளக்கை மாற்றுகிறார், டயரில் காற்றுப் பார்க்கிறார். பணம் போட்டவர் மீட்டரில் ஒரு கண் வைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டுகிறார். மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவதே பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்று பெட்ரோலியம் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறது. கூடிய மைலேஜ் அங்கிருந்து வந்திருக்கும். புதிய வண்டிகளுக்கான கிட்டுகள் சிலவற்றில் இன்னொரு சின்னச் சர்க்யூட்டும் இருக்கும். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்லும் தகவலை அது திருத்தி, எஞ்சினுக்குப் பெட்ரோலைக் குறைத்து ஊட்டவைக்கும். சில நாள் மைலேஜ் கூடுவது போலத் தெரியும். பிறகு சூடு ஏறும், வால்வும் பிஸ்டனும் அடிவாங்கும், புகையில் நைட்ரஜன் ஆக்சைடு கூடும். இந்த வேலைக்கு டப்பாவும் தண்ணீரும் தேவையே இல்லை.

ஹைட்ரஜன் சேர்த்தால் பெட்ரோல் எஞ்சின் நன்றாக எரியும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஹைட்ரஜனின் சுடர் பெட்ரோல் சுடரைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவும். அதனால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்ற மெலிந்த கலவையிலும் எஞ்சின் தடுமாறாமல் ஓடும். அமெரிக்காவின் நாசா 1977-ல் இதைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. கிட் விற்பவர்கள் அடிக்கடி காட்டுவது அந்த அறிக்கையைத்தான். அங்கே ஹைட்ரஜன் வந்தது சிலிண்டரிலிருந்தும் மெத்தனாலிலிருந்தும். காரின் ஆல்டர்னேட்டரில் பிறந்த குமிழ்கள் அல்ல, அளவும் பன்மடங்கு. நம் நாட்டிலேயே டெல்லியில் 2020 அக்டோபரில் 50 பேருந்துகளை எச்.சி.என்.ஜி. என்ற கலவையில் ஓட்டிப் பார்த்தார்கள். இந்தியன் ஆயில் அமைத்த நிலையத்தில், இயற்கை எரிவாயுவில் 18 சதவீதம் ஹைட்ரஜன் இருக்கும்படி கலவையைத் தயாரித்துப் பேருந்தில் நிரப்பினார்கள். அந்த அளவு எங்கே, நம் கிட் தரும் சொட்டு எங்கே!

இனி படகு.

பழவேற்காட்டுப் பக்கம் கடலுக்குப் போகும் பைபர் படகுகளில் ஒன்று அவுட்போர்டு எஞ்சின் இருக்கும், இல்லையென்றால் டீசல் எஞ்சினை நீண்ட தண்டோடு பொருத்தியிருப்பார்கள். மண்ணெண்ணெய் அவுட்போர்டை முதலில் பெட்ரோலில் கிளப்பிவிட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கயிறு இழுத்துக் கிளப்பும் இந்த எஞ்சின்களில் காரில் உள்ளது போன்ற பெரிய பேட்டரியோ ஆல்டர்னேட்டரோ கிடையாது. கிட் மாட்ட வேண்டுமென்றால் தனியாக ஒரு பேட்டரியைக் கரையில் சார்ஜ் ஏற்றிச் சுமந்து போக வேண்டும். அப்படிச் சுமந்து போகிற மின்சாரத்தை ஒரு மின் மோட்டாருக்கே நேராகக் கொடுத்தால், ஹைட்ரஜனாக்கி எஞ்சினில் எரிப்பதைப் போல ஆறு மடங்கு தள்ளுவிசை கிடைக்கும். டப்பா நடுவில் வந்து செய்வது அந்த ஆறில் ஐந்தைச் சூடாக்கி விடுவதுதான்.

அதைவிடக் கவலையான விஷயம் உப்பு. கடலில் இருப்பவர் டப்பாவில் தண்ணீர் குறைந்தால் எதை மொண்டு ஊற்றுவார்? உப்பு நீரில் மின்சாரம் விட்டால் ஒரு தகட்டில் ஹைட்ரஜன் வரும், எதிர்த் தகட்டில் குளோரின் வரும். தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்தில் டி.சி.டபிள்யூ. ஆலை உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சித்தான் காஸ்டிக் சோடா தயாரிக்கிறது. அங்கே குளோரினைப் பிடித்து அடைக்கப் பெரிய ஏற்பாடுகள் உண்டு. படகில் அது எஞ்சினுக்குள் போய் உலோகத்தை அரிக்கும், குழாய் கழன்றால் மூக்குக்கு வரும். எவர்சில்வர் தகடுகள் அரிபட அரிபட, அவற்றில் உள்ள குரோமியமும் நிக்கலும் டப்பா நீரில் கரையும். மஞ்சளும் பழுப்புமாகக் கலங்கிய அந்த நீரை ஏரியில்தான் கொட்டப் போகிறார்கள். குரோமியம் மண்ணுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதை ராணிப்பேட்டைக்காரர்களிடம் கேட்கலாம். இறாலும் நண்டும் மடவையும் தேடி வாழும் ஏரிக்கு இந்தச் சரக்கு வேண்டவே வேண்டாம்.

தீயையும் சொல்லாமல் விடக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதத்திலிருந்து ஏழரை சதவீதம் வரை இருந்தால்தான் பற்றும். ஹைட்ரஜன் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவிலும் பற்றும், பெட்ரோலுக்கு வேண்டிய பொறியில் பத்தில் ஒரு பங்கு போதும். எச்.எச்.ஓ.வில் ஆக்சிஜனும் சேர்ந்தே இருப்பதால் வெளிக்காற்றுகூடத் தேவையில்லை. எஞ்சின் ஒருமுறை பின்னடித்தால் சுடர் குழாய் வழியே டப்பாவுக்கு ஓடும். நடுவில் இருக்கும் தண்ணீர்ப் பாட்டில்தான் ஒரே காவல், அலையில் ஆடும் படகில் அது சாய்ந்தே இருக்கும். பக்கத்தில் மண்ணெண்ணெய்க் கேன். காரில் சி.என்.ஜி. கிட் மாட்ட அங்கீகாரம் பெற்ற கிட் வேண்டும், ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும் என்று சட்டம் சொல்வது இந்த மாதிரி ஆபத்துகளுக்காகத்தான்.

தண்ணீரை எரிபொருளாக்கும் ஆசை தமிழ்நாட்டுக்குப் புதியதல்ல. 1996-ல் ராஜபாளையம் பக்கத்து இடையன்குளத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளையின் மூலிகைப் பெட்ரோல் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. தண்ணீரில் இலையும் உப்பும் எலுமிச்சைச் சாறும் போட்டுக் காய்ச்சிக் கிளறினால் எரிபொருள் மிதந்து வரும் என்றார். டெல்லி ஐ.ஐ.டி.யில் செயல்விளக்கம் நடந்தது, பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. நெருக்கமான கண்காணிப்பில் நடந்த அடுத்த சோதனைகளில் அந்த உரிமைகோரல் நிற்கவில்லை. அதன்பின் சி.பி.ஐ., நீதிமன்றம் என்று அது போன பாதை தனிக் கதை. இங்கே கவனிக்க வேண்டியது, அன்றைக்கே ஒரு பள்ளி வேதியியல் ஆசிரியர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. ஒரு லிட்டர் பெட்ரோலில் 600 கிராமுக்கு மேல் கார்பன் இருக்கிறது. தண்ணீரில் கார்பன் துளிகூட இல்லை. ஒரு கைப்பிடி இலையில் அத்தனை கார்பன் எங்கிருந்து வரும்? தராசு ஒன்று போதும், ஆய்வுக்கூடம்கூட வேண்டாம்.

அந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்கத் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. கிராமத்து இளைஞர், படிப்பு குறைவு, மேல்நாட்டு எண்ணெய்க் கம்பெனிகளுக்கு எதிராக நம்மூர் மூலிகை. கதை நம் மனத்துக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. மற்ற நாடுகளிலும் இதே மனம்தான். பாகிஸ்தானில் 2012-ல் ஒரு பொறியாளர் தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொன்னபோது, அமைச்சர்களும் தொலைக்காட்சி நெறியாளர்களும் அவரைக் கொண்டாடினார்கள். இயற்பியல் பேராசிரியர் பர்வேஸ் ஹூத்பாய் இது இயற்கை விதிக்கே முரண் என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அமெரிக்காவில் தண்ணீரில் ஓடும் வண்டி என்று பேர் வாங்கிய ஸ்டான்லி மேயர் மீது, பணம் போட்ட இருவர் வழக்குப் போட்டார்கள். 1996-ல் ஒஹாயோ நீதிமன்றம் அதை மோசடி என்று தீர்த்துப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அதே நாட்டில் 2009-ல், மைலேஜைக் குறைந்தது ஒன்றரை மடங்காக்கும் என்று விற்ற ஒரு ஹைட்ரஜன் கிட்டுக்கு எதிராகக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் நீதிமன்றம் போயிற்று. பெட்ரோல் விலை எகிறும்போதெல்லாம் இந்தச் சரக்கு கடைக்கு வருகிறது.

எண்ணெய்க் கம்பெனிகள் அமுக்கிவிட்டன என்ற பேச்சும் கூடவே வரும். அந்தச் சந்தேகத்துக்குப் பதில் தூத்துக்குடியில் இருக்கிறது. வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் ஒரு பசுமை ஹைட்ரஜன் சோதனை ஆலை தொடங்கியது. செலவு 3.87 கோடி ரூபாய், மணிக்குப் பத்து கனமீட்டர் வாயு. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குக்கும் மின்வண்டி சார்ஜ் செய்யும் இடத்துக்கும் அதிலிருந்து மின்சாரம் போகிறது. தண்ணீரில் மின்சாரம் விட்டு ஹைட்ரஜன் எடுப்பதை யாரும் ஒளிக்கவில்லை. மத்திய அரசு 2023 ஜனவரியில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2024 பிப்ரவரியில் கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய ஹைட்ரஜன் படகைத் தூத்துக்குடி விழாவிலிருந்து பிரதமர் தொடங்கிவைத்தார். சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டி 2025 ஜூலையில் சோதனை ஓட்டம் பார்த்தது.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஹைட்ரஜனை முதலில் வேறு மின்சாரத்தில் தயாரித்துக்கொள்கிறார்கள், வண்டிக்கு என்றால் தொட்டியில் அடைத்துக் கொண்டுவருகிறார்கள். அந்த மின்சாரம் வெயிலிலிருந்தோ காற்றிலிருந்தோ வர வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஐம்பது யூனிட்டுக்கு மேல் கரண்ட் பிடிக்கும், எரித்தால் திரும்பக் கிடைக்கும் சூடு 33 யூனிட். இவ்வளவு இழப்பைத் தாங்கிக்கொண்டும் செய்கிறார்கள் என்றால், கரியைக் குறைக்க வேண்டிய கட்டாயத்தால். ஸ்ரீஹரிகோட்டாக்காரர்களும் ஹைட்ரஜனை விலை கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். அதை மைனஸ் 253 டிகிரிக்குக் குளிரவைக்கும் செலவு வேறு. எடை குறைந்த எரிபொருள் வேண்டும் என்பதற்காக அந்தச் செலவு அவர்களுக்குத் தகும். ராக்கெட் போகும் வழியில் தண்ணீரைப் பிரித்து எரித்துக்கொள்ளலாம் என்று அவர்களில் யாரும் நினைக்கவில்லை.

தோணிரேவுப் படகுகளுக்கு எண்ணெய் மிச்சம் பிடிக்க வழி இல்லையா என்றால், இருக்கிறது. எதுவும் டப்பாவில் அடைத்து விற்கக்கூடியது இல்லை என்பதால் யூடியூபில் அவை வருவதில்லை. படகின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டினால் எஞ்சின் இழுக்கும் சுமை கூடும், சுரண்டிவிட்டால் அந்த மாதமே கேனில் தெரியும். முனை மடங்கிய புரொப்பெல்லர், படகுக்குப் பொருந்தாத அளவில் வாங்கிய புரொப்பெல்லர் இரண்டும் எண்ணெய் குடிக்கும். வேகம் எல்லாவற்றையும்விடப் பெரியது. நீரைக் கிழித்துக்கொண்டு போகும் கனமான படகில், வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் வேண்டிய சக்தி ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறையும். கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும் என்றாலும் அந்தப் பயணத்தின் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். ஏலத்துக்கு முந்த வேண்டிய நாளில் இதைச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், அதுவும் நியாயம்தான். ஆனால் போகும்போது அந்த அவசரம் இல்லை.

முகத்துவாரத்தின் கதை பெரியது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள அந்த வாயில் மணல் ஏறுவது பழைய தொல்லை. ஆழம் குறைந்த நாட்களில் படகுகள் நீர் ஏறும்வரை காத்துக் கிடக்கும், தரைதட்டி எஞ்சினை உறுமவிட்டு நகரும், சில சமயம் கவிழும். இரு பக்கமும் கற்சுவர் போட்டு வாயை நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது பழவேற்காட்டு மீனவர்களின் பல்லாண்டுக் கோரிக்கையாக இருந்துவந்தது. அங்கே ஒரு படகு வீணாக்கும் எண்ணெயை எந்தக் கிட்டும் ஈடுகட்டாது.

மின்சாரத்தின் மேல் நம்பிக்கை வைப்பவர்களுக்கும் இந்த ஏரியில் இடம் இருக்கிறது. ஏரி ஆழமற்றது, பல இடங்களில் இன்னும் கம்பு ஊன்றித்தான் போகிறார்கள். பயணதூரம் குறைவு, கடல் அலை கிடையாது. பேட்டரியும் சிறு மின் மோட்டாரும் வைத்த படகுக்கு இதைவிடப் பொருத்தமான நீர் அதிகம் இல்லை. விலைதான் தடை. மானியம் டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் போகிற மாதிரி, அதில் ஒரு பகுதி இதற்கும் திரும்பினால் கிட்டைத் தேடி யாரும் போக மாட்டார்கள்.

பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, பழவேற்காட்டுக்கு அரை மணி நேரப் பயணம். அங்குள்ளவர்கள் கிட்டைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரே மாதிரியான இரண்டு படகு, அளவு குறித்த இரண்டு கேன், ஒரே வழி, ஒரே சுமை. ஒரு வாரம் கிட்டோடு ஒரு படகு, கிட் இல்லாமல் ஒரு படகு. அடுத்த வாரம் கிட்டை மாற்றிப் பொருத்த வேண்டும். எண்ணெய் ஊற்றுகிறவருக்கு எந்தப் படகில் கிட் ஓடுகிறது என்று தெரியக் கூடாது. முடிவைக் கரையில் ஏலம் நடக்கும் இடத்தில் எழுதி ஒட்டலாம். பாசி சுரண்டிய படகையும் புரொப்பெல்லர் மாற்றிய படகையும் அதே முறையில் அளந்து பக்கத்திலேயே எழுதலாம். மாணவர்களுக்கு இது ஒரு பருவத்துச் செய்முறை வேலை, படகுக்காரருக்குக் கிட்டின் விலை மிச்சம்.